பாடி கன்ட்ரோல் மாட்யூல் (பிசிஎம்) மாற்றுவது எப்படி: புதியவர்களுக்கான செய்முறை

வைப்பர் கேட்காமலே ஓடுகிறது. சென்ட்ரல் லாக் நினைத்தால் வேலை செய்கிறது, இல்லாவிட்டால் இல்லை. இண்டிகேட்டர் போட்டால் உள்விளக்கும் சேர்ந்து மினுங்குகிறது. இப்படி ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத கோளாறுகள் ஒரே நேரத்தில் வந்தால், வயரிங் கடையில் “பிசிஎம் போச்சு சார்” என்பார்கள். சில நேரம் அது உண்மைதான். பல நேரம் எர்த் போல்ட்டில் பிடித்த துருவோ எலி கடித்த வயரோதான் காரணமாக இருக்கும். அதனால் இந்த வேலையில் ஸ்பேனரைவிட மல்டிமீட்டரைத்தான் முதலில் எடுக்க வேண்டும்.

பழைய கார்களில் ஸ்விட்சிலிருந்து விளக்குக்கு வயர் நேராகவோ ஒரு ரிலே வழியாகவோ போகும். இப்போது ஸ்விட்ச் தகவலை மட்டுமே சொல்கிறது. விளக்கு, ஹாரன், வைப்பர், கதவுப் பூட்டு, பவர் விண்டோ எல்லாவற்றையும் இயக்குவது பாடி கன்ட்ரோல் மாட்யூல் என்ற பெட்டி, அதாவது பிசிஎம். இன்ஜினைக் கட்டுப்படுத்தும் இசியு பெட்டி, மீட்டர் ஆகியவற்றோடு அது கேன் என்ற இரட்டை முறுக்கு வயர் வழியாகப் பேசும். பல கார்களில் சாவியை அடையாளம் காணும் இம்மொபிலைசரும் இதற்குள்தான் இருக்கிறது. ஆகவே பெட்டியை மாற்றினால் மட்டும் போதாது. இது எந்தக் கார், என்னென்ன வசதி உள்ளது, எந்தச் சாவி என்பதையெல்லாம் புதிய பெட்டிக்குச் சொல்லித்தர வேண்டும். இதைத்தான் கோடிங் என்பார்கள்.

1. உண்மையிலேயே பிசிஎம்தானா?

ஒரே ஒரு ஜன்னல் மட்டும் ஏறவில்லை என்றால் ஸ்விட்சையோ மோட்டாரையோ பாருங்கள், பிசிஎம் பக்கம் போக வேண்டாம். பல வேலைகள் ஒன்றாகக் கெட்டிருந்தால் பேட்டரியிலிருந்து ஆரம்பியுங்கள். காரை நிறுத்தி வைத்திருக்கும்போது 12.6 வோல்ட் அளவில் இருந்தால் நல்ல பேட்டரி. 12-க்குக் கீழே என்றால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். மின்அழுத்தம் குறைந்தால் நல்ல பிசிஎம்கூடக் கிறுக்குத்தனம் செய்யும்.

அப்புறம் காரின் கோளாறுகளைப் படிக்கும் ஸ்கேனரைப் போடுங்கள். U0140 என்ற கோடு (பிழைக் குறியீடு) வந்தால், மற்ற மாட்யூல்களால் பிசிஎம்மோடு பேச முடியவில்லை என்று பொருள். பெட்டி செத்துவிட்டது என்று பொருளல்ல. அதற்கு வரும் கரண்டோ, எர்த்தோ, கேன் வயரோ அறுந்திருந்தாலும் இதே கோடுதான் வரும். ஸ்கேனரில் ‘ஆக்டிவ் டெஸ்ட்’ இருந்தால் ஹாரனை அடிக்கச் சொல்லிப் பாருங்கள். அடித்தால் பிசிஎம்மிலிருந்து ஹாரன் வரையான பாதை சரி, ஸ்விட்ச் பக்கம் தேடுங்கள்.

இனி வருவது பலரும் தவறவிடும் சோதனை. பிசிஎம் கப்ளருக்கு, அதாவது வயர்கள் பெட்டியில் செருகும் பிளக்குக்கு, வரும் கரண்ட் வயரில் மீட்டர் 12 வோல்ட் காட்டினால் போதும் என்று நினைக்காதீர்கள். ஒரே ஒரு இழையில் தொங்கும் வயரும் மீட்டருக்கு 12 வோல்ட் காட்டும். 21 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒன்றில் இரண்டு வயர் இணைத்துக்கொள்ளுங்கள். கப்ளரைக் கழற்றிவிட்டு, கரண்ட் வயருக்கும் எர்த் வயருக்கும் நடுவே அதை எரித்துப் பாருங்கள். ஏறக்குறைய 1.75 ஆம்பியர் இழுக்கும். பளிச்சென்று எரிந்தால் வயர் நல்லது, மங்கினால் கோளாறு வயரில்தான். இதைக் கரண்ட், எர்த் வயர்களில் மட்டுமே செய்யுங்கள். சிக்னல் வயரில் பல்பு போட்டால் எதிர்முனையில் உள்ள மாட்யூல் கருகிவிடலாம்.

கேன் வயரைச் சோதிக்க, பேட்டரியைக் கழற்றிவிட்டு, ஸ்கேனரைச் செருகும் ஓபிடி சாக்கெட்டின் 6, 14 பின்களுக்கிடையே ஓம்ஸ் அளந்து பாருங்கள். 60 ஓம்ஸ் அளவில் வர வேண்டும். 120 காட்டினால் வயர் எங்கோ அறுந்திருக்கலாம். பூஜ்யத்தை ஒட்டி இருந்தால் இரண்டு வயரும் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டிருக்கின்றன. நடுவில் தகவலை வாங்கிக் கடத்தும் கேட்வே மாட்யூல் உள்ள கார்களில் இந்தக் கணக்கு மாறும்.

கால் வைக்கும் இடத்தில் கார்ப்பெட்டைத் தூக்கி ஈரமா என்றும் தொட்டுப் பாருங்கள். ஏசி தண்ணீர் வெளியேறும் குழாய் அடைத்துக்கொண்டாலும், முன்கண்ணாடி ரப்பர் ஓரம் கசிந்தாலும் தண்ணீர் டேஷ்போர்டுக்கு அடியில்தான் இறங்கும். அந்தக் கசிவை அடைக்காமல் புதிய பெட்டி மாட்டினால் அடுத்த மழைக்கு அதுவும் போய்விடும்.

2. சரியான பெட்டியை வாங்குவது

ஸ்டிக்கரில் உள்ள பார்ட் நம்பர் கடைசி எழுத்து வரை ஒத்துப்போக வேண்டும். ஒரே மாடலில் பேஸ் வேரியண்ட்டுக்கும் டாப் வேரியண்ட்டுக்கும் வேறு வேறு பெட்டி இருக்கும். வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

சென்னைக்காரர்கள் பழைய கார் பாகங்கள் கிடைக்கும் புதுப்பேட்டையை நினைப்பீர்கள். பழைய பிசிஎம் விலை குறைவுதான். ஆனால் அது ஏற்கெனவே வேறொரு காரின் சேஸிஸ் நம்பரையும் சாவியையும் மனதில் வைத்திருக்கும். சிலவற்றை அழித்து எழுத முடியும், சிலவற்றை முடியவே முடியாது. கோடிங் செய்யப்போகிறவரிடம் கேட்ட பிறகே பணம் கொடுங்கள். ஆடி உள்ளிட்ட ஃபோக்ஸ்வாகன் குழும கார்கள் பலவற்றில் சில மாட்யூல்களை மாற்றினால், தயாரிப்பாளரின் சர்வரில் இணைத்து அனுமதி வாங்க வேண்டியிருக்கும். அங்கே நேராக சர்வீஸ் சென்டருக்குப் போவதுதான் நல்லது.

3. கழற்றும் முன் பழைய தகவலை எடுத்துவையுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை மட்டும் நினைவில் வைப்பீர்கள் என்றால் இதை வையுங்கள். பழைய பெட்டி அரைகுறையாகவாவது பேசும்போதே அதன் உள்ளமைப்பைப் படித்துச் சேமித்துவிடுங்கள். அது முழுதாக மௌனமான பிறகு, உங்கள் காரில் என்னென்ன இருக்கிறது என்பதை ஒவ்வொன்றாகத் தேடிப்பிடிக்க வேண்டியிருக்கும்.

ஃபோர்டு கார்களில் இதற்கு ஃபோர்ஸ்கேன் என்ற மென்பொருள் பயன்படுகிறது. லேப்டாப்பில் அதன் எக்ஸ்டெண்டட் லைசென்ஸ் வேண்டும். பிசிஎம் உள்ளமைப்பை ‘ஆஸ் பில்ட்’ (தொழிற்சாலையில் எழுதிய அமைப்பு) வடிவத்தில் திறந்தால் 726 என்று தொடங்கும் வரிசைகள் தெரியும். ஒவ்வொன்றிலும் வெறும் எண்ணும் எழுத்தும்தான். எதையும் மாற்றாமல் அப்படியே கோப்பாகச் சேமியுங்கள், போனில் ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள். மற்ற பிராண்டுகளுக்கு அந்தந்த ஸ்கேனர்.

4. கழற்றி மாட்டுவது

சாவியைக் காரிலிருந்து எடுத்து வெளியே வையுங்கள். ஒரு ஜன்னலைக் கண்டிப்பாக இறக்கி வையுங்கள். பேட்டரி கழன்ற பிறகு கதவு பூட்டிக்கொண்டால் அதுதான் வழி. பத்தாம் நம்பர் ஸ்பேனரால் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு, கார் மேனுவலில் சொல்லியிருக்கும் நேரம் வரை காத்திருங்கள். ஏர்பேக் சர்க்யூட்டில் மிச்சம் உள்ள மின்சாரம் இறங்க வேண்டும். டேஷ்போர்டுக்கு அடியில் மஞ்சள் நிறக் கப்ளரோ மஞ்சள் உறையோ கண்ணில் பட்டால் அதைத் தொடவே தொடாதீர்கள்.

பெட்டி இருக்கும் இடம் காருக்குக் கார் மாறும். டிரைவர் பக்க ஃபியூஸ் பாக்ஸுக்குப் பின்னால், குளோவ் பாக்ஸுக்குப் பின்னால் என்று தேட வேண்டும். சுசுகி ஸ்விஃப்ட் போன்றவற்றில் உள் ஃபியூஸ் பாக்ஸோடு சேர்ந்தே வரும்.

கப்ளர்களை வயரைப் பிடித்து இழுக்கக் கூடாது. பெரிய கப்ளர்களில் ஒரு பிளாஸ்டிக் நெம்புகோல் இருக்கும். அதன் ஓரத்திலுள்ள சிறு பல்லை நகத்தால் அமுக்கிக்கொண்டே நெம்புகோலைச் சாய்த்தால், கப்ளர் தானாக மேலேறி வரும். முரண்டு பிடித்தால் பல்லைச் சரியாக அமுக்கவில்லை என்று அர்த்தம். வெளியே வந்ததும் டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். பச்சைக் களிம்பு பூத்திருந்தால் கான்டாக்ட் கிளீனர் அடித்துக் காயவிடுங்கள். சில சமயம் இத்தோடு பழைய பெட்டியே உயிர் பெற்றுவிடும், புதியதைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

புதிய பெட்டியை எடுக்கும் முன் காரின் இரும்பு பாகத்தைத் தொட்டு உடலில் உள்ள நிலைமின்சாரத்தை இறக்குங்கள். பின்களில் விரல் படாமல் பிடித்து, கப்ளரை நேராக உட்காரவைத்து நெம்புகோலை மூடுங்கள்.

5. கோடிங்

பேட்டரியை இணைத்து, நிலையான மின்அழுத்தம் தரும் நல்ல சார்ஜரையும் மாட்டுங்கள். 13.5 வோல்ட் அளவில் நிற்கட்டும். ஹெட்லைட், ஏசி ஃபேன் எல்லாம் அணைந்திருக்க வேண்டும். எழுதும்போது நடுவில் கரண்ட் போனால் புதிய பெட்டி குப்பைக்குத்தான். லேப்டாப்பிலும் சார்ஜ் இருக்கட்டும்.

சேமித்த கோப்பை புதிய பெட்டியில் ஏற்றுங்கள், சேஸிஸ் நம்பர் சரியா என்று ஒப்பிடுங்கள். அடுத்தது சாவி. பல ஃபோர்டு கார்களில் சாவியைப் புதிதாகப் பதிய இரண்டு சாவியும் கையில் வேண்டும். பாதுகாப்புக்காக மென்பொருள் பத்து நிமிடம் காக்கவைப்பதும் உண்டு. அது நின்றுபோய்விட்டது என்று நினைத்துக் கேபிளைப் பிடுங்காதீர்கள். புஷ் ஸ்டார்ட் காராக இருந்து உங்களுக்கு இது முதல் முறை என்றால், இந்த ஒரு படியை மட்டும் சாவி புரோகிராம் செய்பவரிடம் கொடுத்துவிடுங்கள். அவமானம் ஒன்றுமில்லை.

6. சரிபார்ப்பு

பழைய கோடுகளை அழித்துவிட்டு விளக்கு, வைப்பர், பூட்டு, ஜன்னல் எல்லாவற்றையும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். ஜன்னல் ஒரே தொடலில் ஏறவில்லை என்றால் பயப்பட வேண்டாம். பல கார்களில் கண்ணாடியை முழுதாக ஏற்றி, ஸ்விட்சைச் சில விநாடி பிடித்திருந்தால் பழையபடி ஆகிவிடும்.

கடைசியாக, காரைப் பூட்டி அரை மணி நேரம் கழித்து பேட்டரி நெகட்டிவில் எவ்வளவு கரண்ட் ஓடுகிறது என்று அளந்து பாருங்கள். கேபிளைச் சுற்றிப் பிடித்து அளக்கும் ஆம்ப் கிளாம்ப் இருந்தால் கேபிளைக் கழற்றாமலே பார்க்கலாம். பொதுவாக 50 மில்லி ஆம்பியருக்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் நின்றால் ஏதோ ஒரு மாட்யூல் தூங்கவில்லை. உள்ளமைப்பைத் திரும்ப ஒப்பிட்டுப் பாருங்கள், இல்லாத வசதி ஏதாவது ‘இருக்கிறது’ என்று எழுதப்பட்டிருக்கலாம்.