கதிர்காம யாத்திரை: புகையிரதச் சீட்டுக்கும் தங்குமிடத்துக்கும் முன்னர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒவ்வோர் ஆண்டும் கிழக்குக் கரையோரமாகவும் காட்டுக்கூடாகவும் நடந்து செல்லும் கதிர்காம யாத்திரைக் காலம் நெருங்கும்போது, கொழும்பிலிருக்கும் உறவினர்கள் மட்டக்களப்பிலுள்ள என்னைத் தொலைபேசியில் அழைத்து, "சீட்டு எடுத்துவிட்டோம், காடு எப்போது திறக்கிறார்கள்?" என்று கேட்பார்கள். அதைக் கேட்டவுடன் எனக்குப் பழைய எரிச்சல் தலைதூக்கும். முதல் தடவை நானும் இதே வரிசையில்தான் எல்லாவற்றையும் தலைகீழாகச் செய்தேன். செருப்பு, வெயில், தண்ணீர் பற்றிச் சொல்ல ஊரில் ஆள் இருப்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

காடு திறக்கும் நாள் தெரியுமுன் சீட்டு எடுப்பது

உகந்தை மலை முருகன் ஆலயத்துக்கு அப்பால் குமண, யால காடுகளுக்கூடாகச் செல்லும் பாதை, கதிர்காமக் கொடியேற்றத்தை ஒட்டி ஓரிரு வாரங்கள்தான் யாத்திரிகர்களுக்காகத் திறக்கப்படும். திறக்கும் நாளும் மூடும் நாளும் கூட்டம் கூடிப் பேசி அந்தந்த ஆண்டில் அறிவிக்கப்படுபவை. கொடியேற்றமும் ஒரே திகதியில் வருவதில்லை: 2024 இல் ஜூலை 6 ஆம் திகதி கொடியேறியது, 2025 இல் ஜூன் 26 ஆம் திகதியே ஏறிவிட்டது. புகையிரத ஆசன முற்பதிவோ பயண நாளுக்கு ஒரு மாதம் முன்னரே தொடங்கிவிடுவதால், இடம் போய்விடும் என்ற பதற்றத்தில் ஆட்கள் போன ஆண்டுக் கணக்கை வைத்துக்கொண்டு சீட்டு எடுத்துவிடுகிறார்கள்.

நான் கொழும்பில் வேலை பார்த்த காலத்தில் ஆறு பேருக்கு அப்படித்தான் எடுத்தேன், அதுவும் திரும்பிவரும் சீட்டையும் சேர்த்து. இரவுப் புகையிரதத்தில் விடியுமுன் மட்டக்களப்பில் இறங்கி, பஸ்ஸில் பொத்துவில் வந்து, அங்கிருந்து பாணமை வழியாக நடந்து உகந்தையை அடைந்தபோது, பாதை திறக்க இன்னும் ஐந்து நாட்கள் இருப்பதாகச் சொன்னார்கள். காட்டுக்குள் சமைப்பதற்காக அரிசியையும் பருப்பையும் நாளுக்கொரு துணிப்பையாகக் கட்டி, பேனையால் ஒன்று, இரண்டு என்று இலக்கமிட்டு வைத்திருந்தோம். அன்னதானம் கிடைத்த வேளை போக மற்ற வேளைகளில் அந்தப் பைகளைத்தான் அவிழ்த்தோம். மூன்றாம் இலக்கப் பை உகந்தை மணலிலேயே தீர்ந்தது. மறுபடி சாமான் வாங்க ஒருவர் பாணமைக்குப் போய்வர வேண்டியதாயிற்று.

பணமும் அரிசியும் போனதை நான் மறந்துவிடுவேன். எங்களுடன் வந்தவர்களில் இருவருக்கு லீவு முடிந்துவிட்டது. அவர்களில் ஒருவர் பல ஆண்டுகளாக நேர்த்தியை மனதில் வைத்திருந்தவர். உகந்தையில் கும்பிட்டுவிட்டு, காட்டுக்குள் ஓர் அடியும் வைக்காமல் திரும்பிப் போனார். என்னிடம் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது. திரும்பும் சீட்டிலிருந்த எங்கள் நான்கு ஆசனங்களும் மட்டக்களப்பிலிருந்து வெறுமையாகப் புறப்பட்ட இரவில், நாங்கள் காட்டுக்குள் நாவலடியில் ஈரவிறகை ஊதி அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தோம்.

ஆகவே, அறிவிப்பு வந்த பின்னர் திறக்கும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். உகந்தையில் ஓரிரவு தங்குவதற்கு இடம் விட்டு, அதற்கு முன் பொத்துவில், திருக்கோவில் என்று நாள்களைக் குறித்து, கடைசியாகப் புகையிரத நாளுக்கு வாருங்கள். மட்டக்களப்பிலிருந்தே நடப்பவர்களுக்குப் பொத்துவில்வரை மட்டும் 100 கிலோமீற்றருக்கு மேல் இருக்கிறது. முழங்கால் வீங்கினால் படுத்திருக்க இரண்டு நாட்களை அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். முற்பதிவு ஆசனம் கிடைக்காமல் போனால் கொழும்பிலிருந்து பஸ் இருக்கிறது. மூடிய காட்டுக்கு வேறு வழி இல்லை.

மூடும் நாளையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

தண்டவாளம் எங்கே முடிகிறது என்று பாராமல் திட்டமிடுவது

கிழக்குப் புகையிரதப் பாதை மட்டக்களப்போடு முடிகிறது. கல்முனைக்கோ பொத்துவிலுக்கோ புகையிரதம் இல்லை. கதிர்காமத்திலும் நிலையம் இல்லை. தென்பகுதிப் பாதை 2019 இல் மாத்தறையிலிருந்து பெலியத்தவரை நீண்டதைக் கேள்விப்பட்டு, கதிர்காமத்தில் இறங்கியதும் ஏறிவிடலாம் என்று ஒருவர் என்னோடு வாதாடினார். அங்கிருந்து பெலியத்தவுக்கு அம்பாந்தோட்டை, தங்காலைப் பக்கமாகப் பஸ் பிடிக்க வேண்டும். யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதி முருகன் கோயிலிலிருந்து நடையைத் தொடங்க விரும்பும் மட்டக்களப்பார், மாகோச் சந்திவரை போய்ப் புகையிரதம் மாறி யாழ்ப்பாணம் செல்வதைவிடப் பஸ்ஸில் போவது சுருக்கம்.

இரவுத் தங்கலை விடுதியில் தேடுவது

நம் கரையோரத்தில் யாத்திரிகர் காலங்காலமாகத் தங்குவது கோயில் மண்டபங்களிலேயே. மண்டூர், களுதாவளை, காரைதீவு, திருக்கோவில் என்று நடைதூரத்தில் கோயில்கள் இருக்கும்போது, புதியவர்கள் கைப்பேசியில் விடுதி தேடி அறுகம்குடாவில் போய் மாட்டிக்கொள்கிறார்கள். யாத்திரைக் காலமும் அங்கே அலைச்சறுக்கு விளையாட்டுக்காரர் குவியும் காலமும் ஒன்று. அறை வாடகை கேட்டால் நடந்த களைப்பு மறந்துபோகும்.

ஆனால் மண்டபம் திறந்துதானே இருக்கும் என்று முப்பது பேராக இருட்டியபின் போய் நிற்பதும் முறையன்று. இரண்டு நாட்களுக்கு முன்னரே ஆலய நிருவாகத்துக்குத் தொலைபேசியில் ஆள்தொகையைச் சொல்லி, பெண்கள் எத்தனை பேர், இரவுச் சாப்பாடு வேண்டுமா என்பதையும் சொல்லிவிட வேண்டும். மலசலகூடம் எங்கே, அது இரவில் பூட்டப்படுமா என்று கேட்கக் கூச்சப்பட வேண்டாம். ஆண்கள் மட்டும் திட்டம் போட்ட குழுக்களில் இந்தக் கேள்வி ஒருபோதும் எழுந்ததில்லை.

கதிர்காமத்தில் நாள் குறித்து அறை பிடிப்பது

பிடிக்க வேண்டாம். காட்டுவழியில் குமுக்கன் ஆற்றங்கரையில் ஒரு நாள் கூடுதலாகத் தங்கினாலே அந்த முற்பணம் போய்விடும்.

திரும்பும் வழி

மொனராகலை, சியம்பலாண்டுவை ஊடாகப் பஸ்ஸில் பொத்துவிலுக்கு வந்துவிடலாம், ஆனால் தீர்த்தம் முடிந்த அன்று புறப்பட்டால் கால் கொப்புளத்தோடு நின்றபடிதான் வர வேண்டியிருக்கும். ஒரு நாள் பொறுத்து, காலையில் முதல் பஸ்ஸுக்கு வரிசையில் நில்லுங்கள். கொழும்புக்குப் போக வேண்டியவர்கள் மட்டக்களப்பு நிலையத்துக்கு வந்து சேர்ந்த பின்னர் சீட்டு எடுத்தால் போதும்.