வேறிடத்தில் உள்ள கணினியை ரிமோட் டெஸ்க்டாப் வழியாக இயக்குதல்: டெய்ல்ஸ்கேல் கொண்டு ஒரு செய்முறை

வெவ்வேறு இடங்களில் இருக்கும் இரண்டு விண்டோஸ் கணினிகளை இணைத்து, ஒன்றின் முன் அமர்ந்தபடி மற்றொன்றின் திரையை முழுமையாக இயக்குவதற்கான வழியை இங்கே விளக்குகிறேன். இணைப்பை ஏற்படுத்துவதற்கு அதிக நேரம் ஆகாது. பக்கத்தில் ஆளே இல்லாதபோதும் அந்த இணைப்பு அறுபடாமல் இருக்கும்படி செய்வதில்தான் வேலை இருக்கிறது. ஆகவே அந்தப் பகுதியை மட்டும் விரிவாக எழுதியிருக்கிறேன். மென்பொருளைப் பதிவிறக்குவது, நிறுவுவது போன்றவை உங்களுக்குத் தெரியும் என்றே கொள்கிறேன்.

ரவுட்டருக்குப் பின்னால் இருக்கும் கணினிக்கு 192.168 என்று தொடங்கும் முகவரியே பெரும்பாலும் இருக்கும். அது அந்த இடத்துக்குள் மட்டுமே செல்லுபடியாகும். வெளியிலிருந்து அதைத் தேடினால் கிடைக்காது. இதற்குப் பழைய செய்முறைகள் பலவும், ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து வரும் இணைப்பை உள்ளே உள்ள கணினிக்குத் திருப்பிவிடுதல்) அமைத்து, ரிமோட் டெஸ்க்டாப் பயன்படுத்தும் 3389 என்ற போர்ட்டைத் திறந்துவிடுமாறு சொல்கின்றன. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். திறந்திருக்கும் 3389-ஐத் தேடி இணையம் முழுவதையும் துழாவிக்கொண்டே இருக்கும் தானியங்கி நிரல்கள் ஏராளம். 2019-ஆம் ஆண்டு மே மாதம் வெளிவந்த 'புளூகீப்' என்ற பாதுகாப்புக் குறைபாடு, கடவுச்சொல்லே இல்லாமல் பழைய விண்டோஸ் பதிப்புகளுக்குள் நுழைய வழி விட்டது. தவிர, இணையச் சேவை நிறுவனங்கள் பலவும் ஒரே பொது முகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பகிர்ந்து தருவதால், நீங்கள் போர்ட்டைத் திறந்தாலும் பயன் இருக்காது. ரவுட்டரின் 'வான்' (WAN, வெளி இணைய இணைப்பு) பக்கத்தில் காட்டும் முகவரி 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் தொடங்கினால், நீங்களும் அந்தப் பகிர்வுக்குள் இருக்கிறீர்கள் என்று பொருள்.

ஆகவே வி.பி.என். வழியே, அதாவது இணையத்தின் ஊடாக மறையாக்கத்துடன் அமையும் தனி வலையமைப்பே, சரியானது. 2020-இல் லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலில் சேர்க்கப்பட்ட 'வயர்கார்டு' இன்று எனக்குப் பிடித்த நெறிமுறை. ஆனால் அதை நேரடியாக அமைக்க, ஏதேனும் ஒரு முனைக்காவது பொது முகவரி வேண்டும், மறையாக்கச் சாவிகளையும் கையாலேயே பரிமாற வேண்டும். அதே வயர்கார்டின் மேல் கட்டப்பட்ட 'டெய்ல்ஸ்கேல்' இந்த இரண்டு தொல்லைகளையும் தானே பார்த்துக்கொள்கிறது. இரு கணினிகளும் உள்ளிருந்து வெளியே அழைத்து ஒன்றையொன்று கண்டுகொள்வதால், ரவுட்டரில் நீங்கள் எதையும் மாற்ற வேண்டியதில்லை. புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் இதையே பரிந்துரைப்பேன்.

படி 1: பதிப்பைச் சரிபார்த்தல்

தொலைவில் இருக்கப்போகும் கணினியில் விண்டோஸ் புரோ அல்லது எண்டர்பிரைஸ் பதிப்பு இருக்க வேண்டும். ஹோம் பதிப்பிலிருந்து பிற கணினிகளை இயக்கலாமே தவிர, ஹோம் பதிப்பை ரிமோட் டெஸ்க்டாப் வழியாக இன்னொருவர் இயக்க முடியாது. இந்தத் தடையை நீக்குவதாகச் சொல்லும் ஒட்டுநிரல்களை நான் விரும்புவதில்லை. விண்டோஸ் புதுப்பிப்பு ஒன்று வந்தால் அவை செயலிழந்துவிடக்கூடும். ஹோம் பதிப்பு மட்டுமே இருக்கிறது என்றால், திறமூல மென்பொருளான 'ரஸ்ட்டெஸ்க்' போதும்.

படி 2: ரிமோட் டெஸ்க்டாப்பையும் டெய்ல்ஸ்கேலையும் இயக்குதல்

தொலைவுக் கணினியில் செட்டிங்ஸ், சிஸ்டம், ரிமோட் டெஸ்க்டாப் என்று சென்று அதை இயக்குங்கள். பின்பு இரு கணினிகளிலும் டெய்ல்ஸ்கேலை நிறுவி, ஒரே கணக்கில் நுழையுங்கள். அந்தக் கணக்கு யார் கையில் சிக்கினாலும் உங்கள் வலையமைப்பே அவர் கைக்குப் போய்விடும் என்பதால், அதற்கு இரட்டை அடையாளச் சரிபார்ப்பு கட்டாயம் இருக்கட்டும். இப்போது ஒவ்வொரு கணினிக்கும் 100 என்று தொடங்கும் புதிய முகவரி ஒன்று கிடைத்திருக்கும். தொலைவுக் கணினியின் அந்த முகவரியை, உங்கள் கையில் உள்ள கணினியின் 'ரிமோட் டெஸ்க்டாப் கனெக்‌ஷன்' செயலியில் இட்டு இணையுங்கள். சான்றிதழ் குறித்து ஓர் எச்சரிக்கை தோன்றும். முகவரியைச் சரியாக இட்டிருக்கிறீர்களா என்று பார்த்துக்கொண்டு தொடரலாம்.

படி 3: கடவுச்சொல்

இந்த இடத்தில்தான் எனக்கு அதிக நேரம் பிடித்தது. அன்றாடம் கணினியைத் திறக்கும் நான்கு இலக்கப் பின் எண் அந்த ஒரு கணினிக்கு மட்டுமே உரியது. ரிமோட் டெஸ்க்டாப்பில் அது செல்லாது. மைக்ரோசாஃப்ட் கணக்கு வைத்திருப்பவர்கள், பயனர் பெயராக மின்னஞ்சல் முகவரியையும், கூடவே அந்தக் கணக்கின் கடவுச்சொல்லையும் தர வேண்டும். சரியான கடவுச்சொல்லைத் தந்தும் தவறு என்றே வருகிறதா? கணினியை அமைத்த நாளிலிருந்து பின் எண்ணை மட்டுமே பயன்படுத்தியிருந்தால், அந்தக் கடவுச்சொல்லை அக்கணினி ஒருபோதும் சரிபார்த்திருக்காது. ஆகவே ஒப்பிட்டுப் பார்க்க அதனிடம் எதுவும் இருக்காது.

இதற்குத் தீர்வு, செட்டிங்ஸ் பகுதியின் 'சைன் இன் ஆப்ஷன்ஸ்' பக்கத்தில் உள்ளது. மைக்ரோசாஃப்ட் கணக்குகளுக்கு விண்டோஸ் ஹலோவை (பின் எண், முகம், கைரேகை கொண்டு நுழையும் முறை) மட்டுமே அனுமதிக்கும் விருப்பத்தை அங்கே அணைத்துவிட்டு, கணினியைப் பூட்டி, நேரில் அமர்ந்து ஒரே ஒரு முறை கடவுச்சொல்லைக் கொண்டே நுழையுங்கள். அதன் பிறகு தொலைவிலிருந்தும் கதவு திறக்கும். கடவுச்சொல்லே வைக்காத உள்ளூர்க் கணக்குகளை விண்டோஸ் தொலைவிலிருந்து அனுமதிப்பதில்லை. அவற்றுக்கும் ஒரு கடவுச்சொல் வைத்தாக வேண்டும்.

படி 4: ஆள் இல்லாதபோதும் இயங்கச் செய்தல்

விண்டோஸில் டெய்ல்ஸ்கேலின் இயல்பு, ஒரு பயனர் உள்ளே நுழைந்திருக்கும் வரை மட்டுமே இணைப்பில் இருப்பது. இரவில் புதுப்பிப்புக்காகக் கணினி தானே மறுதொடக்கம் ஆனால், யாரும் நுழையாத பூட்டுத் திரையில் அது நிற்கும். டெய்ல்ஸ்கேலும் இணைப்பில் இருக்காது. எனவே பணிப்பட்டையில் உள்ள அதன் சின்னத்தைச் சொடுக்கி, 'பிரிஃபரன்ஸஸ்' பட்டியலில் 'ரன் அன்அட்டெண்டட்' என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

அடுத்தது, கணினியை டெய்ல்ஸ்கேலுக்கு அடையாளம் காட்டும் சாவியின் காலாவதி. இயல்புநிலையில் 180 நாள்கள் கழிந்ததும் டெய்ல்ஸ்கேல் மீண்டும் உள்நுழையச் சொல்லும்; அந்தக் கணினியின் முன் யாரும் இல்லையென்றால் இணைப்பு போனது போனதுதான். டெய்ல்ஸ்கேல் இணையதளத்தின் நிர்வாகப் பக்கத்தில் அந்தக் கணினிக்கு உரிய பட்டியலைத் திறந்து, 'டிசேபிள் கீ எக்ஸ்பைரி' என்பதைத் தேர்ந்தெடுங்கள். கையில் எடுத்துச் செல்லும் மடிக்கணினிக்கு இந்தச் சலுகை வேண்டாம். தொலைந்துபோகக்கூடிய பொருளுக்குக் காலாவதி இருப்பதே நல்லது.

தொலைவுக் கணினி உறக்கநிலைக்குச் செல்லாதபடி பவர் அமைப்பில் 'நெவர்' என்று மாற்றுங்கள். திரை அணைவதால் தீங்கில்லை. மேசைக் கணினி என்றால், மின்தடைக்குப் பின் தானே இயங்கத் தொடங்கும் விருப்பம் பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே தொடங்கும் அடிப்படை அமைப்புத் திரையில்) இருக்கிறதா என்றும் பாருங்கள்.

படி 5: கிளம்பும் முன் ஒத்திகை

கையில் உள்ள கணினியை, தொலைவுக் கணினி இருக்கும் அதே வைஃபையிலிருந்து துண்டித்து, கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டில் இணையுங்கள். ஒரே வலையமைப்புக்குள் இருந்தபடி செய்யும் சோதனை எதையும் நிரூபிக்காது. பிறகு தொலைவுக் கணினியை மறுதொடக்கம் செய்து, அதன் விசைப்பலகையைத் தொடாமல், இங்கிருந்து நுழைய முயலுங்கள். பூட்டுத் திரையைக் கடந்து உள்ளே சென்றுவிட்டால், நிம்மதியாகக் கிளம்பலாம்.

பின்சேர்க்கை

இதன்படி செய்து பார்த்த நண்பர்கள் கேட்டவற்றுக்கு விடை. திரை மிக மெதுவாக நகர்ந்தால், 'டெய்ல்ஸ்கேல் ஸ்டேட்டஸ்' கட்டளையை இயக்கிப் பாருங்கள். 'டைரக்ட்' என்றால் கணினிகள் நேரடியாகப் பேசுகின்றன, 'ரிலே' என்றால் இடையில் ஒரு சேவையகம் வழியாகச் செல்கின்றன. ரிலேயிலும் தரவு மறையாக்கத்துடனேயே செல்லும்; வேகம்தான் குறையும். திரையின் நிற ஆழத்தையும் அளவையும் குறைத்தால் சமாளிக்கலாம்.

மேக் கணினியிலிருந்து இணைய விரும்புவோர், மைக்ரோசாஃப்ட் ரிமோட் டெஸ்க்டாப் என்ற பெயரில் தேடிச் சலிக்க வேண்டாம். 2024 முதல் அது 'விண்டோஸ் ஆப்' என்ற பெயரில் கிடைக்கிறது.

வேலை முடிந்ததும் சாளரத்தை மூடினால் போதும். அங்குள்ள நிரல்கள் தொடர்ந்து இயங்கும். பழக்க தோஷத்தில் 'ஷட் டவுன்' கொடுத்துவிட்டால், டெய்ல்ஸ்கேல் வழியாக அந்தக் கணினியை எழுப்ப முடியாது. அணைந்த கணினியை வலையமைப்பு வழியே எழுப்பும் 'வேக் ஆன் லேன்' சமிக்ஞை அதே உள்ளூர் வலையமைப்புக்குள்ளிருந்துதான் புறப்பட வேண்டும் என்பதால், அங்கே எப்போதும் இயங்கும் இன்னொரு கருவி இருந்து, அதற்குள் நுழைந்து அனுப்பினால் மட்டுமே அது பலிக்கும்.