சமூக யதார்த்தப் படம் பார்க்கும்போது நோட்டில் எதை எழுதுவது?

‘வறுமை’, ‘சுரண்டல்’, ‘அடையாளச் சிக்கல்’. கோலாலம்பூரில் திரைப்படத்தைப் பாடமாகப் படிக்கும் மாணவர்களின் நோட்டில் இந்தச் சொற்களுக்குப் பஞ்சமே இல்லை. கட்டுரை எழுத உட்காரும்போதுதான் அவற்றுக்குப் பின்னால் ஒரு காட்சிகூட இல்லை என்பது தெரியவரும்.

முதல் தடவை பேனாவைத் தொடாமல் முழுப் படத்தையும் பாருங்கள். எளிய மக்களின் வாழ்க்கையை உள்ளபடி காட்டும் இவ்வகைப் படங்களில் முக்கியமானது பல நேரம் பின்னணியில் ஓசைப்படாமல் நடக்கும். எழுதக் குனிந்தால் போச்சு. முடிந்ததும், நண்பர்களோடு மாமாக் சாப்பாட்டுக் கடையில் போய் உட்காரும் முன், மனதில் நிற்கும் ஐந்தாறு காட்சிகளை காட்சிக்கொரு வரியாகக் குறித்துவிடுங்கள். பேச ஆரம்பித்தால் அடுத்தவர் அபிப்பிராயம் உங்கள் ஞாபகத்தில் கலந்துவிடும்.

இரண்டாம் தடவை அந்தக் காட்சிகள் மட்டும் போதும். பக்கத்தை மூன்றாகக் கோடு போடுங்கள்: இடப்பக்கம் படத்தில் காட்சி வரும் நேரம், நடுவில் அகலமாகக் கண்டதும் கேட்டதும், வலப்பக்கம் உங்கள் கருத்து. வலப்பக்கத்தை அன்று காலியாக விடுங்கள். கருத்தை உடனே எழுதினால், கண் அதற்குத் தோதானதை மட்டுமே தேடும்.

இத்தாலிய இயக்குநர் டி சிகாவின் ‘பைசிக்கிள் தீவ்ஸ்’ (1948) படத்து அடகுக்கடைக் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். “வறுமை காட்டப்படுகிறது” என்பது செத்த குறிப்பு. “படுக்கை விரிப்பு மூட்டையோடு ஊழியர் அடுக்கில் ஏறுகிறார்; மேலே மேலே அதே மாதிரி மூட்டைகள்” என்று எழுதுங்கள். ஊரே அடகு வைத்திருக்கிறது என்பதை ஒரு வசனமும் இல்லாமல் சொல்லிவிட்டார்களே, அந்த வாதம் இந்த வரியிலிருந்துதான் கிளம்பும். பணத்துக்கென்று தனிப் பக்கம் ஒதுக்குவதும் நல்லது: சம்பளம், கடன், யார் யாருக்குத் தர வேண்டும். கதையை நகர்த்துவது பெரும்பாலும் அந்தக் கணக்குதான்.

நம் மலேசியப் படத்தில் வேறொரு சிக்கல். தோட்டத்தை விட்டு வெளியேறிய தமிழ்க் குடும்பத்தை 1990களின் தொடக்கத்தில் வைத்துச் சொல்லும் ‘ஜகாட்’ (2015) போன்ற படத்தில், பேச்சு நமக்குப் பழகியது என்பதாலேயே அதைக் குறிக்க மறந்துவிடுகிறோம். எங்கே மலாய்ச் சொல் நுழைகிறது, யாரிடம் பேசும்போது தொனி மாறுகிறது, துணைத்தலைப்பு எதை விழுங்கியது என்று கவனியுங்கள். வசனத்தைக் காதில் விழுந்தபடியே எழுதுங்கள். எழுத்துத் தமிழாகத் திருத்தினால் ஆதாரம் அழிந்துவிடும்.

படத்தை ஆவணமாக எடுத்துக்கொள்வதும் அடிக்கடி நடக்கும் பிசகு. டி சிகா படத்தின் நாயகனாக நடித்தவர் நிஜத் தொழிலாளி, தெருக்களும் நிஜ ரோம்தான். ஆனால் ஒலி பிறகு சேர்க்கப்பட்டது. “இயல்பான தெருச் சத்தம்” என்று எழுதினால் தப்பு. கேமரா எங்கே நிற்கிறது, வெட்டாமல் எத்தனை விநாடி ஓடுகிறது என்பதையும் குறியுங்கள். எல்லா ஷாட்டையும் அளக்க வேண்டாம். நீளமாகத் தோன்றுவதை மட்டும் கைப்பேசியில் அளந்தால் போதும்.

மறுநாள் வேறு நிற மையில் வலப்பக்கத்தை நிரப்புங்கள். ஒவ்வொரு கருத்திலிருந்தும் இடப்பக்க நேரம் ஒன்றுக்கு அம்புக்குறி போக வேண்டும். போகாததை அடித்துவிடுங்கள். பாதிக்கு மேல் அடிபட்டால் அந்தக் காட்சியை மறுபடி ஓட்டுங்கள்.