பாக்தாத் யூத வணிகர் வீட்டுக் காதல் கதை: எழுதும்போது எங்கே சறுக்குகிறோம்?

19-ஆம் நூற்றாண்டுப் பம்பாய், யூத வணிகக் குடும்பம், பைக்குல்லாவில் மாளிகை, நடுவில் ஒரு காதல். சரித்திரக் கதைக்கு அருமையான களம். ஆனால் முதல் சறுக்கல் பெயரிலேயே வந்துவிடுகிறது. யூதர் என்றதும் நமக்குத் தமிழ் பைபிள்தான் ஞாபகம் வரும். தாவீது, சாலொமோன் என்று பெயர் வைத்து, பைபிள் நடையிலேயே பேசவும் வைத்துவிடுகிறோம். இல்லாவிட்டால், ஐரோப்பிய யூதர்களின் இத்திஷ் மொழியைக் கொண்டுவந்து ஒட்டுகிறோம்.

சசூன், எஸ்ரா, கதூரி போன்ற யூத வணிகக் குடும்பங்கள் பாக்தாத்திலிருந்து வந்தவை. வீட்டில் பேச்சு அரபு. அதையே எபிரேய எழுத்தில் எழுதித்தான் வியாபாரக் கடிதங்கள் போயின. சசூன் குடும்பத் தலைவர் டேவிட் சசூன் 1853-இல் பிரிட்டிஷ் குடிமகனானபோது எபிரேயத்தில்தான் கையெழுத்துப் போட்டார். அவருடைய மூத்த மகனுக்கு வைத்த பெயர் அப்துல்லா. அவரே பின்னாளில் ஆல்பர்ட் ஆகி, 1872-இல் சர் பட்டமும் வாங்கினார். நாயகனை அம்மா ஒரு பெயரால் கூப்பிடுகிறாள், அவன் காதலிக்குச் சொன்னது வேறு பெயர் என்றால், அங்கேயே பாதிக் கதை வந்துவிடுகிறது.

அடுத்தது வெள்ளிக்கிழமை ராத்திரி. நாயகி விளக்கடியில் உட்கார்ந்து கடிதம் எழுதுவாள், நாயகன் வண்டி பூட்டச் சொல்வான். ஆசாரமான வீட்டில் இது நடக்காது. வெள்ளி பொழுது சாய்ந்ததிலிருந்து சனி ராத்திரி நட்சத்திரம் தெரியும்வரை ஓய்வுநாள். எழுதக்கூடாது, நெருப்பு மூட்டக்கூடாது, வண்டி ஏறக்கூடாது. கோழியும் அரிசியும் போட்ட பானையை வெள்ளி சாயங்காலமே தணலில் வைத்துவிடுவார்கள். விடிய விடிய மெல்ல வெந்து, மறுநாள் அடியில் பிடித்த பொருக்கோடு தட்டுக்கு வரும். எண்ணெய் விளக்கை ஊதி அணைக்கவும் கூடாது, அதுவாக அணைய வேண்டும். மனசு நிறைய வார்த்தைகளோடு, பேனாவைத் தொட முடியாமல், அந்தத் திரி கருகுவதையே பார்த்துக்கொண்டிருக்கும் பெண்ணை எழுதிப் பாருங்கள்.

தந்தியிலும் கவனம் வேண்டும். பம்பாய்க்குக் கடலடித் தந்தி வந்தது 1870-இல். 1850-இல் நடக்கும் கதையில் லண்டன் சேதி மறுநாளே வரக்கூடாது.

காதலுக்குத் தடை என்றால் உடனே ஒரு வெள்ளைக்கார அதிகாரியைக் கொண்டுவருகிறார்கள். அதைவிடக் கனமான தடை பக்கத்திலேயே இருந்தது. கொங்கணக் கரையில் மராத்தி பேசிய பெனே இஸ்ரேல் யூதர்கள் எண்ணெய் ஆட்டிப் பிழைத்தவர்கள். சனிக்கிழமை செக்கை நிறுத்தியதால் ‘சனிவார் தேலி’, அதாவது சனிக்கிழமை எண்ணெய்க்காரர், என்று பெயர். ஒரே வேதம், ஒரே ஓய்வுநாள். இருந்தும் பாக்தாதிகள் அவர்களைத் தாழ்வாகப் பார்த்தார்கள், சம்பந்தம் செய்யத் தயங்கினார்கள். ஜாதி தெரிந்த நமக்கு இந்த வலியை யாரும் விளக்க வேண்டியதில்லை. வீட்டுக்குள்ளேயே பகை வேண்டுமா? 1867-இல் டேவிட் சசூனின் இன்னொரு மகன் எலியாஸ், குடும்பக் கம்பெனியிலிருந்து பிரிந்துபோய்த் தனிக் கம்பெனி தொடங்கினார். பிரிந்த இரண்டு கிளைகளின் பிள்ளைகள் போதும்.

பெண்களைக் கூண்டுக் கிளிகளாகவே எழுதுவதும் சரியில்லை. வீட்டில் ஃபர்ஹா என்று அழைக்கப்பட்ட ஃப்ளோரா சசூன், 1894-இல் கணவர் இறந்ததும் குடும்பக் கம்பெனியின் பம்பாய்க் கிளையைத் தானே நடத்தினார். வேதத்தில் ஆழ்ந்த படிப்பு அவருக்கு. விஞ்ஞானி ஹாஃப்கினின் காலரா தடுப்பூசிக்கும் துணைநின்றார்.

எனக்குப் பொறுக்கவே முடியாத தவறு, பணம் வந்த வழியைப் பூசி மெழுகுவது. ‘பட்டும் வாசனைப் பொருளும்’ என்று ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள். பருத்தியும் உண்டுதான், ஆனால் சசூன்களைப் பெரும் பணக்காரர்களாக்கியதில் சீனாவுக்கு விற்ற அபினுக்குப் பெரும் பங்கு. கல்கத்தாவில் அரசாங்கமே ஏலம் விட்டது. பெட்டிக்கு 40 உருண்டை, ஒவ்வொன்றும் கசகசாச் செடியின் பூவிதழ் சுற்றிக் காயவைத்தது. அந்தக் குடும்பத்தின் பெயரில்தான் புனேயில் ஆஸ்பத்திரியும் பம்பாயில் நூலகமும் நிற்கின்றன. அபினையும் அது தந்த வாழ்வையும் ஒரே கூரையின் கீழ் வைத்து எழுதுங்கள். மாடியில் மணப்பெண்ணின் கையில் மருதாணி சிவந்துகொண்டிருக்கட்டும். கீழே குமாஸ்தா சீனாவிலிருந்து வந்த அபின் விலையைப் படித்துக் காட்டட்டும். அவளுடைய சீதனத் தொகையை அப்பா அந்தக் காகிதத்தின் ஓரத்திலேயே கூட்டிப் பார்க்கட்டும்.