தேயிலை வாட்டும் ஃபேனுக்கு விஎஃப்டி: என் அனுபவம்

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலை ஆலை. பச்சை இலையைப் பரப்பி வாட்டும் நீளத் தொட்டிகளின் (டிரஃப்) ஃபேன்கள் இரவு முழுக்க முழு வேகத்தில் ஓடின. இலை போட்ட முதல் சில மணி நேரத்துக்குத்தான் அவ்வளவு காற்று வேண்டும்; மேல் ஈரம் போனபின் அது வீண். 10 எச்பி மோட்டாருக்கு 7.5 கிலோவாட் விஎஃப்டி (மின்சாரத்தின் ஹெர்ட்ஸை மாற்றி மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் டிரைவ்) மாட்டினேன். ஃபேன் இழுக்கும் மின்சாரம் வேகத்தின் மூன்றாம் அடுக்குக்கு ஏற்ப மாறும்: 50 ஹெர்ட்ஸை 40 ஆக்கினால் ஏறத்தாழப் பாதி போதும். டேம்பரை (காற்றுவழித் தடுப்பை) மூடிக் காற்றைக் குறைத்தால் இந்த லாபம் வராது.

ஓட்டியதுமே டிரைவ் ஓவர்கரண்ட் (அளவுக்கு மீறிய மின்னோட்டம்) காட்டி நின்றது. பவர்ஃபேக்டரைச் சரிசெய்ய முன்பு மாட்டி, மோட்டார் முனையிலேயே விட்டுவைத்த கெப்பாசிட்டர்தான் காரணம். விஎஃப்டிக்கும் மோட்டாருக்கும் நடுவே அது இருக்கவே கூடாது, கழற்றினேன். மோட்டாரை மெதுவாகக் கிளப்ப இருந்த ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டரையும் எடுத்துவிட்டு, 415 வோல்ட் டெல்டா மோட்டார் என்பதால் நிரந்தர டெல்டாவில் இணைத்தேன். மெயினை அணைத்த பிறகும் டிரைவுக்குள் மின்சாரம் தங்கியிருக்கும். பத்து நிமிடமாவது பொறுத்து, மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டே கை வையுங்கள்.

டிரைவில் நான் வைத்த அளவு: வேகமேற 30 நொடி, கீழ் எல்லை 30 ஹெர்ட்ஸ். அதற்கும் கீழே போனால் மோட்டாரின் சொந்த விசிறி போதாமல் சூடேறலாம்.

மழைக்காலத்தில் நீலகிரிக் காற்றே ஈரம். அப்போது வேகத்தை மட்டும் குறைத்தால் இலை வாடாது. சூடு காற்று கலந்தே ஆகவேண்டும். இலையைச் சீராகப் பரப்புங்கள், இல்லாவிட்டால் மெல்லிய இடம் வழியாகவே காற்று ஓடிவிடும். தேயிலைப் பஞ்சு டிரைவ் பெட்டியின் ஃபில்டரை அடைக்கும். வாரம் ஒருமுறை தட்டிச் சுத்தம் செய்கிறோம்.