வெள்ளை ஆஸ்டரைத் தேர்ந்தெடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இலையுதிர் காலத்துக்கென ஓரப்பாத்தி அமைக்கத் தொடங்குவோர் பலரும் முதலில் விரும்பித் தேடுவது பல்லாண்டு வாழும் வெள்ளை ஆஸ்டரைத்தான். மற்றப் பூக்கள் ஓய்ந்து, புல்வகைகள் பழுத்து, ஊதாவும் செம்பழுப்பும் மேலோங்கும் அந்த வாரங்களில், பாத்திக்கு வெள்ளை தரும் தெளிவை வேறு எந்த நிறமும் தருவதில்லை. ஆனால் அதைத் தேர்ந்தெடுப்பதில், நானும் தொடக்கத்தில் செய்த அதே தவறுகளைப் புதியவர்கள் ஆண்டுதோறும் செய்வதைப் பார்க்கிறேன். நெருக்கி நடுவது, தண்ணீர் விட மறப்பது போன்றவை எல்லோரும் அறிந்தவை என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

நிறத்தை மட்டும் பார்த்து வாங்குவது

'வெள்ளை ஆஸ்டர்' என்று மட்டும் எழுதிய அட்டையை நம்பிச் செடி வாங்குவதுதான் எல்லாவற்றிலும் அதிக இழப்பைத் தரும் தவறு. இன்றும் எனக்கு எரிச்சலூட்டுவதும் அதுவே. அந்த ஓர் அட்டை, மண்ணிலும் வெயிலிலும் ஈரத்திலும் ஒன்றுக்கொன்று மாறான தேவைகளைக் கொண்ட பல இனங்களுக்குப் பொருந்திவிடுகிறது.

நோவி-பெல்ஜி இனத்தைச் சேர்ந்த 'ஒயிட் லேடீஸ்' போன்ற ரகங்கள் வளமான, கோடையிலும் ஈரம் குறையாத மண்ணை எதிர்பார்ப்பவை; வேர்ப்பகுதி காய்ந்தால் சாம்பல் நோய் எளிதில் பற்றி, பூக்கும் முன்பே கீழிலைகள் வெளுத்துக் கருகும். நோவே-ஆங்லியே இனத்தின் 'ஹெர்ப்ஸ்ட்ஷ்னே' அந்நோயைப் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். ஆனால் ஒரு மீட்டருக்கு மேல் வளர்ந்து, தண்டின் அடிப்பகுதியில் இலைகளை உதிர்த்துவிடும் என்பதால் முன்வரிசைக்கு ஆகாது, மங்கலான பொழுதுகளில் பூக்களை மூடிக்கொள்ளும் இயல்பும் அதற்கு உண்டு. எரிகாய்டஸ் இனம் வெயிலும் விரைவில் காயும் மண்ணும் உள்ள இடத்திலேயே சிறு வெண்பூக்களை அடர்த்தியாகத் தருகிறது. கருந்தண்டு கொண்ட டிவாரிகேட்டா மர நிழலுக்கு ஏற்றது. வேரீரம் இல்லாத கடும் வெயிலில் அதன் இலைகள் கருகிவிடும்.

எனக்குத் தெரிந்த ஒருவர், நாள் முழுதும் வெயில் விழுந்து விரைவில் காய்ந்துவிடும் மணற்பாங்கான பாத்தியில், பூவின் அழகை மட்டும் பார்த்து நோவி-பெல்ஜி ரகத்தை வரிசையாக நட்டார். அடுத்த ஆண்டு சாம்பல் நோய் வந்தது, மருந்து அடித்தார். அதற்கடுத்த ஆண்டும் வந்தது, மீண்டும் அடித்தார். இறுதியில் அனைத்தையும் பிடுங்கி எறிந்துவிட்டு, ஆஸ்டரே நோய்ச் செடி என்ற முடிவுக்கு வந்தார். அதே இடத்தில் எரிகாய்டஸ் எந்த மருந்தும் இல்லாமல் செழித்திருக்கும். தேர்வில் நேர்ந்த பிழையை மருந்தால் சரிசெய்ய முயன்று, பணத்தையும் பருவங்களையும் இழப்பவர்களைப் பார்க்கும்போது, வாங்குமுன் தாவரவியல் பெயரைக் கேட்டிருக்கலாமே என்றுதான் தோன்றுகிறது. 1994இல் தொடங்கிய மறுவகைப்பாட்டில் இவற்றுள் டிவாரிகேட்டா யூரிபியா என்ற பேரினத்துக்கும் மற்றவை சிம்ஃபியோட்ரைக்கம் என்ற பேரினத்துக்கும் மாற்றப்பட்டதால், முதற்பெயர் அட்டைக்கு அட்டை வேறுபடலாம். நோவி-பெல்ஜி, எரிகாய்டஸ் போன்ற இரண்டாவது பெயரைப் பார்த்தால் போதும். அதையும் சொல்ல இயலாதவரிடம் செடி வாங்காதீர்கள்.

தொட்டியில் உள்ள உயரத்தை நம்புவது

விற்பனைக்கு வரும் பூத்த செடிகள் பலவும், நுனி கிள்ளப்பட்டோ வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் பொருள் தெளிக்கப்பட்டோ குட்டையாக நிறுத்தப்பட்டவை. அந்தப் பொருளின் வீரியம் நீங்கிய மறு ஆண்டில் அவை தம் இயல்பான உயரத்துக்குச் சென்று, முன்வரிசையிலிருந்து பின்னாலுள்ள அனைத்தையும் மறைக்கும். உண்மையான குட்டை வேண்டுமானால் 'கிறிஸ்டினா' போன்ற குட்டை ரகத்தையோ, தரையோடு படரும் 'ஸ்னோ ஃப்ளரி'யையோ பெயர் சொல்லிக் கேளுங்கள்.

சீன ஆஸ்டரைப் பல்லாண்டுச் செடி என எண்ணுவது

அது ஓராண்டுச் செடி. பூத்து விதைத்ததும் மடிந்துவிடும்.

விதையிலிருந்து வெள்ளையை எதிர்பார்ப்பது

'வெள்ளையாக இருந்த செடி ஊதாவாக மாறிவிட்டது' என்ற முறையீட்டை அடிக்கடி கேட்கிறேன். பெரும்பாலும் செடி மாறவில்லை; அதன் விதைகள் தூரின் அருகிலேயே விழுந்து முளைத்து, தாயைப் போலன்றி ஊதாவாகவும் வீரியமாகவும் வளர்ந்து, தாய்த்தூரை நெருக்கி அழித்துவிட்டன. பூ வாடியதும் தலைகளைக் கத்தரியுங்கள், விரும்பிய ரகத்தைத் தூர் பிரித்து மட்டுமே பெருக்குங்கள். இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை வெளிவிளிம்பிலுள்ள இளந்தளிர்களை எடுத்து நட்டு, நடுவிலுள்ள முதிர்ந்த பகுதியை நீக்குவது நோவி-பெல்ஜிக்கு எப்படியும் தேவையான பராமரிப்புதான்.

பெரிய பூவே சிறந்தது என நினைப்பது

பூவின் நடுவட்டு முதிரும்போது மஞ்சளிலிருந்து செம்பழுப்பாக மாறுவது இயல்பு. ஊதாப் பூவில் கண்ணுக்குப் படாத இந்த மாற்றம், வெள்ளையில், குறிப்பாக மழையில் நனைந்த பெரிய இரட்டை அடுக்குப் பூக்களில், அழுக்குப் போலத் தெரியும். சிறுபூ இனங்களில் பழைய பூவைப் புதியவை மூடிவிடுவதால் தொலைவிலிருந்து பார்க்க வெண்மை நீண்ட நாள் நிற்கிறது.

கோடையின் பிற்பகுதியில் நுனி கிள்ளுவது

மொட்டும் சேர்ந்து போகும்.

வெளிர்ச் சுவருக்கு முன் நடுவது

வெள்ளைப் பூ வெளிர்ப் பின்னணியில் கரைந்துவிடும். கரும்பச்சை வேலியோ அடர்நிறப் புதரோ பின்னால் இருக்கட்டும். இடத்தைப் பூக்கும் காலத்திலேயே பார்த்துக் குறித்துவைத்துக்கொண்டு, கடுங்குளிர் உள்ள பகுதிகளில் நடுவதை மட்டும் வசந்தத்துக்குத் தள்ளிப்போடுங்கள். பூத்த நிலையில் தாமதமாக நட்ட செடி, வேர் பிடிக்குமுன்பே குளிர்ந்த ஈர மண்ணில் அழுகிப்போகக்கூடும்.