எதிர் என்றால் கெட்டது அல்ல: உளவியல் சொற்களைப் படிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேதியியலில் 'மோலாரிட்டி' என்ற சொல்லை வகுப்பறையில்தான் முதன்முதலாகக் கேட்கிறோம். உளவியல் அப்படியில்லை. நினைவு, கவனம், ஊக்கம், ஆளுமை, தண்டனை என எல்லாமே வீட்டில் புழங்கும் சொற்கள். தெரிந்த சொல்தானே என்று வரையறையைத் தாண்டிப் போய்விடுகிறோம். தேர்வில் நான்கு விடைகளில் இரண்டு ஒன்றுபோலத் தெரியும்போதுதான் கை நிற்கிறது. ஆசிரியர் தகுதித் தேர்வில் குழந்தை மேம்பாடும் கற்பித்தலும் என்ற பகுதிக்கு மட்டும் 30 வினாக்கள். பி.எட்., நர்சிங் படிப்புகளிலும் இதே சொற்கள் திரும்ப வரும். கூடலூர், கோத்தகிரி, கொடைக்கானல் பக்கம் இருந்து படிப்பவர்களுக்கு எடுத்துக்காட்டுகள் வாசலிலேயே கிடைக்கின்றன. பாடநூலின் எலியையும் நாயையும் மட்டும் நம்பியிருக்க வேண்டியதில்லை.

வலுவூட்டலும் தண்டனையும்

அதிகம் பேர் தவறுவது 'எதிர் வலுவூட்டல்' என்ற இடத்தில். 'எதிர்' என்று பார்த்ததும் தண்டனை என்று எழுதிவிடுகிறார்கள். அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னரின் கணக்கில் நேர், எதிர் இரண்டும் நல்லது கெட்டதைச் சொல்வதில்லை. கூட்டல் கழித்தல் குறிகள்தான் அவை. ஒன்று வந்து சேர்ந்தால் நேர், இருந்தது நீங்கினால் எதிர். அதன் பிறகு அந்த நடத்தை கூடினால் வலுவூட்டல், குறைந்தால் தண்டனை.

கொடைக்கானல் தூண் பாறைப் பக்கம் ஒரு குரங்கு பல்லைக் காட்டிக்கொண்டு வருகிறது. பயந்துபோனவர் கையிலிருந்த சிப்ஸ் பாக்கெட்டை வீசுகிறார். குரங்கு அதை எடுத்துக்கொண்டு போய்விடுகிறது. இது எந்த வலுவூட்டல்? கேள்வியே முழுமையாக இல்லை. யாருடைய நடத்தை என்று முதலில் கேட்க வேண்டும். குரங்குக்குத் தீனி கிடைத்தது, நாளைக்கும் மிரட்டும்: நேர் வலுவூட்டல். வீசியவருக்கு அச்சுறுத்தல் நீங்கியது, அடுத்த முறையும் வீசுவார்: எதிர் வலுவூட்டல். ஒரே நிகழ்ச்சிக்கு இரண்டு பெயர். ஆகவே கேள்விகள் மூன்று: யாருடைய நடத்தை, வந்ததா நீங்கியதா, கூடியதா குறைந்ததா. இதே வரிசையில் கேட்டால் எந்த வினாவிலும் தடுமாற்றம் வராது.

மூன்றாவது கேள்வியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். கொடுப்பவரின் நோக்கம் வரையறையில் கிடையாது, விளைவு மட்டும்தான் உண்டு. வகுப்பில் சத்தம் போடும் பையனை ஆசிரியர் திட்டுகிறார், அவன் சத்தம் இன்னும் கூடுகிறது என்றால், அந்தத் திட்டு அவனுக்கு வலுவூட்டல்தான். எல்லோரும் அவனைத் திரும்பிப் பார்த்தார்களே, அது போதும்.

வலுவூட்டல் அட்டவணைகளிலும், அதாவது எப்போது, எத்தனை முறைக்கு ஒரு தடவை பலன் கிடைக்கும் என்ற முறைகளிலும், ஒரு தவறு சில கையேடுகளிலேயே அச்சாகி வருகிறது: மாதச் சம்பளம் 'நிலையான இடைவெளி'க்கு எடுத்துக்காட்டு என்று. அந்த அட்டவணையில், குறித்த நேரம் கழிந்த பிறகு செய்யும் முதல் செயலுக்குத்தான் பலன் கிடைக்கும். சம்பளம் அப்படி வருவதில்லை. மணிக்கு ஒரு பஸ் வரும் மலைக் கிராமத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பஸ் போன உடனே யாரும் சாலையை எட்டிப் பார்ப்பதில்லை; நேரம் நெருங்க நெருங்க எட்டிப் பார்ப்பது கூடும். இது பொருத்தமான எடுத்துக்காட்டு. தேயிலைக் கொழுந்தில், குறித்த அளவுக்கு மேல் பறிக்கும் ஒவ்வொரு கிலோவுக்கும் கூடுதல் கூலி என்றால் அது நிலையான விகிதம். குரங்குக்குப் பத்துப் பேரில் யாரோ ஒருவர் போடுகிறார், அந்த ஒருவர் எப்போது வருவார் என்று தெரியாது என்றால் அது மாறும் விகிதம். இப்படிப் பழகிய நடத்தைதான் எளிதில் மறையாது. ஒன்பது பேர் கட்டுப்பாடாக இருந்து பத்தாவது ஆள் வீசினாலும் குரங்கு விடாமல் வருவதற்குக் காரணம் இதுவே.

பாவ்லோவும் ஸ்கின்னரும் ஒன்றல்ல

ஆக்க நிலையுறுத்தலில், அதாவது அனுபவத்தால் ஒரு நடத்தை பழகிப்போவதில், கேட்க வேண்டியது ஒன்றுதான்: பழகியது உயிரி செய்த செயலுக்குக் கிடைத்த பலனாலா, அல்லது இரண்டு தூண்டல்கள் சேர்ந்து வந்ததாலா? செயலின் பலன் என்றால் ஸ்கின்னர், தூண்டல்களின் சேர்க்கை என்றால் பாவ்லோவ். கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது ஒரு குழந்தைக்குக் குமட்டுகிறது. சில பயணங்களுக்குப் பிறகு, நின்றிருக்கும் பஸ்ஸின் டீசல் வாடையே போதும், வயிற்றைப் புரட்டுகிறது. வளைவுகளில் உடல் ஆடுவது இயல்பான தூண்டல். டீசல் வாடை ஆக்கநிலைத் தூண்டல். குமட்டல் இரண்டு இடத்திலும் வருவதால் அதற்கு ஒரே பெயர் போட்டுவிடுவது வழக்கமான பிழை. வளைவால் வந்தால் இயல்பான துலங்கல் (தூண்டலுக்கு உடல் காட்டும் எதிர்வினை), வாடையால் வந்தால் ஆக்கநிலைத் துலங்கல். எதனால் வந்தது என்பதைப் பொறுத்தே பெயர்.

இன்னொன்று: பாவ்லோவுக்கு 1904-ல் நோபல் பரிசு கிடைத்தது செரிமானம் குறித்த ஆய்வுக்காக, ஆக்க நிலையுறுத்தலுக்காக அல்ல. இதை வைத்து வினா கேட்பார்கள்.

மூடுபனியில் குழம்பும் சொற்கள்

கோத்தகிரிச் சாலையில் எதிரே வரும் லாரியின் வெளிச்சம் கண்ணில் படுவது புலனுணர்வு. 'லாரி, தூரத்தில் வருகிறது' என்று மூளை பொருள்கொள்வது புலன்காட்சி. பனியில் மங்கலாகத் தெரியும் பொருளை மூளை தொலைவில் இருப்பதாக எடுத்துக்கொள்ளும். கண்ணில் குறையில்லை, பொருள்கொண்டதில்தான் பிழை. இந்த ஒரு எடுத்துக்காட்டு இரண்டு சொல்லையும் பிரித்துக் காட்டிவிடும்.

அதே பனியில் ஒரு மரக்கட்டையைக் காட்டு மாடு என்று நினைத்தால் அது திரிபுக்காட்சி. வெளியே ஒரு பொருள் இருக்கிறது, அதைத் தவறாகக் காண்கிறோம். யாருமே இல்லாத இடத்தில் குரல் கேட்டால் அது இல்பொருள் காட்சி. 'காட்சி' என்று இருப்பதால் கண்ணுக்கு மட்டும் என்று எண்ண வேண்டாம், எந்தப் புலனிலும் வரலாம். எத்தனை சான்று காட்டினாலும் 'அண்டை வீட்டார் என்னைக் கொல்லத் திட்டமிடுகிறார்கள்' என்று ஒருவர் உறுதியாக இருந்தால் அது பொய் நம்பிக்கை, ஆங்கிலப் பெயரில் டெலூஷன். ஊரே பகிர்ந்துகொள்ளும் நம்பிக்கையையோ வழிபாட்டு வழக்கத்தையோ இந்தப் பெயரில் சேர்க்கக் கூடாது.

வேறுபாட்டு வாயில், அதாவது நம்மால் உணர முடிகிற மிகச் சிறிய வேறுபாடு, என்ற சொல்லுக்கும் மலையிலேயே கணக்குப் போடலாம். எடையைத் தூக்கிப் பார்த்து வேறுபாடு உணர, வெபரின் விதிப்படி ஏறத்தாழ 50-ல் ஒரு பங்கு மாற வேண்டும். 10 கிலோ கொழுந்து மூட்டை என்றால் 200 கிராம், 20 கிலோ என்றால் 400 கிராம். எல்லா எடைக்கும் ஒரே 200 கிராம் என்று எழுதுவதுதான் இங்கே நடக்கும் தவறு.

நோயின் பெயரை மனநிலைக்கு வைப்பது

இது மதிப்பெண்ணோடு முடியும் தவறு இல்லை, மனிதர்களைக் காயப்படுத்தும் தவறு. மனச்சிதைவு என்றால் ஒருவருக்குள் இரண்டு ஆட்கள் என்று சினிமா பழக்கிவிட்டது. 1908-ல் சுவிஸ் மனநல மருத்துவர் பிளாய்லர் இதற்கு 'ஸ்கிசோஃப்ரீனியா' என்று பெயரிட்டபோது குறித்தது சிந்தனை, உணர்ச்சி போன்ற மனச் செயல்களுக்கு இடையே விழும் பிளவை. பல ஆளுமைகள் தோன்றுவது வேறு நோய், அதற்குப் பெயரும் வேறு.

கூடலூர் பக்கம் இருட்டிய பிறகு யானைக்குப் பயந்து வெளியே போகாதவருக்கு ஃபோபியா இல்லை; அங்கே ஆபத்து உண்மையாகவே இருக்கிறது. ஆபத்தின் அளவுக்குப் பொருந்தாத அச்சம், பொதுவாக 6 மாதமோ அதற்கு மேலோ நீடித்து, அன்றாட வாழ்க்கையைக் குலைத்தால்தான் அந்தப் பெயர். தென்மேற்குப் பருவமழையில் நாள் கணக்கில் வெயிலே பார்க்காமல் மனம் சோர்வதும் உடனே 'டிப்ரஷன்' ஆகிவிடாது. மனநோய்களை வகைப்படுத்தும் அமெரிக்கக் கையேடான டி.எஸ்.எம்.-5 வரையறையில் 9 அறிகுறிகளில் குறைந்தது 5, தொடர்ந்து 2 வாரம் இருக்க வேண்டும்; அவற்றில் ஒன்று சோர்ந்த மனநிலையாகவோ எதிலும் நாட்டமின்மையாகவோ இருக்க வேண்டும். அவற்றால் துன்பமோ அன்றாட வேலைகளில் பாதிப்போ இருப்பதும் கட்டாயம். இந்த எண்களை மனப்பாடம் செய்வது தேர்வுக்காக; வீட்டில் யாருக்கும் பெயர் சூட்ட அல்ல. அப்படியொரு ஐயம் வந்தால் மருத்துவரிடம் அழைத்துப் போவதே முறை.

'ஷார்ட் டேர்ம் மெமரி லாஸ்' என்ற பேச்சும் இப்படித்தான். குறுகிய கால நினைவு என்பது திரும்பச் சொல்லிப் பார்க்காவிட்டால் அரை நிமிடத்துக்குள் கரைந்துபோவது. நேற்றுச் சாப்பிட்டதை மறந்தால் அது நீண்ட கால நினைவின் சிக்கல்.

எண்ணிலும் அதே 'எதிர்'

மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஏற ஏற வெப்பநிலை குறைகிறது: எதிர் ஒட்டுறவு. இரண்டு அளவுகள் சேர்ந்து மாறுவதே ஒட்டுறவு; ஒன்று கூட மற்றது குறைந்தால் எதிர். ஒட்டுறவுக் கெழு −1 முதல் +1 வரை இருக்கும். குறி திசையைச் சொல்கிறது, எண் வலிமையைச் சொல்கிறது. −0.8 என்பது +0.5-ஐவிட வலிமையான உறவு. இங்கேயும் எதிர் என்பதைக் குறைவு என்று படித்துவிடுகிறார்கள். மே மாதம் ஊட்டியில் வர்க்கி பிஸ்கட் விற்பனையும் போக்குவரத்து நெரிசலும் சேர்ந்தே கூடும். வர்க்கியால் நெரிசல் வரவில்லை. இரண்டுக்கும் பின்னால் இருப்பது சுற்றுலாக் கூட்டம் என்ற மூன்றாவது மாறி.

நம்பகத்தன்மை (ஒவ்வொரு முறையும் ஒரே விடை தருவது), ஏற்புடைமை (அளக்க வேண்டியதைச் சரியாக அளப்பது) இரண்டுக்கும் ஒரு தராசு போதும். எப்போது வைத்தாலும் அரைக் கிலோ கூட்டியே காட்டும் தராசு நம்பகமானது, ஆனால் ஏற்புடையதல்ல.

படிக்கும் முறையில் உள்ள தவறு

வரையறையை மஞ்சள் பேனாவால் தீட்டித் திரும்பத் திரும்பப் படிப்பது பயன் குறைந்த வழி. உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கேயும் 2006-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியை மறுபடி படித்தவர்களும், படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களும் ஒப்பிடப்பட்டார்கள். 5 நிமிடம் கழித்து மறுபடி படித்தவர்களே முன்னே இருந்தார்கள். ஒரு வாரம் கழித்து அவர்களுக்கு நினைவிருந்தது 42 சதவீதம், எழுதிப் பார்த்தவர்களுக்கு 56 சதவீதம். படித்து முடித்ததும் 'நன்றாகத் தெரிகிறது' என்று தோன்றுவதை நம்ப முடியாததற்கு இதுவே காரணம்.

ஆகவே அட்டை போடுங்கள். முன்பக்கம் சொல்லை எழுதாமல் ஒரு சூழலை எழுதுங்கள். பின்பக்கம் நான்கு வரி: சொல், ஒரே வாக்கிய வரையறை, அதோடு குழம்பும் அண்டைச் சொல், இரண்டையும் பிரிக்கும் கேள்வி. தமிழ்ப் பெயர்கள் நூலுக்கு நூல் மாறும். 'எதிர் வலுவூட்டல்' இன்னொரு நூலில் 'எதிர்மறை வலுவூட்டம்' என்று வரும். இரண்டையும், ஆங்கிலப் பெயரின் ஒலிப்பையும் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு 8 முதல் 10 அட்டைக்கு மேல் புதிதாகச் சேர்க்க வேண்டாம். மறுநாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள் என்று இடைவெளி விட்டுக் கேட்டுப் பாருங்கள். தவறிய அட்டை மறுபடி முதல் நாளுக்குப் போக வேண்டும். வலுவூட்டலையும் தண்டனையையும் தனித்தனிக் கட்டாக வைக்காமல் கலைத்து அடுக்குங்கள். ஒரே வகையாக வந்தால் விடை கட்டிலேயே தெரிந்துவிடும்.

குன்னூரிலிருந்து ஊட்டிக்குப் பஸ்ஸில் போகும்போது புத்தகத்தைக் குனிந்து படித்தால் குமட்டும்; கண் அசையாத பக்கத்தைக் காண்கிறது, உட்காது வளைவை உணர்கிறது, இரண்டும் முரண்படுகின்றன. ஒரு அட்டையின் முன்பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு, அதைச் சட்டைப் பையில் போட்டு, ஜன்னல் வழியே தொலைவில் உள்ள மலையைப் பார்த்தபடி விடையைச் சொல்லிப் பாருங்கள். அடுத்த நிறுத்தத்தில் பஸ் நின்றதும் எடுத்துப் பின்பக்கத்தைத் திருப்புங்கள்.